பழைய வீட்டு வண்டியும் புதிய திரைச்சீலையும்

சென்ற பள்ளி விடுமுறையில் நாங்கள் மூன்று ஆசிரியர்கள் பட்டர்வொர்த்தில் மாக் மண்டின் பக்கமுள்ள ஒரு பட்டறைக்குப் போயிருந்தோம். எங்களிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது லோரி ஓட்டுகிறார். அவரும் அண்ணன் தம்பிகளுமாகப் பணம் போட்டு ஒரு பழைய வீட்டு வண்டி வாங்கியிருந்தார்கள். "சார், வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று அழைத்தார். போனோம்.

வீட்டு வண்டி என்பது கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி. மோட்டார் ஹோம் என்பார்கள். சினிமாக்காரர்கள் கேரவன் என்பார்கள். சினிமா என்றதும் ஆந்திரத்து என்.டி. ராமாராவ் நினைவுக்கு வருகிறார். 1982-ஆம் ஆண்டில் கட்சி தொடங்கியதும் அவர் ஒரு பழைய செவர்லே வேனைத் திருத்தி, 'சைதன்ய ரதம்' என்று பெயரிட்டு, அதன் கூரைமேல் நின்று பேசிக்கொண்டே ஊர் ஊராகச் சுற்றினார். மகன் ஹரிகிருஷ்ணா ஓட்டினார். 1983 ஜனவரியில் ஆட்சியையே பிடித்துவிட்டார். ஆகவே பழைய வண்டி என்று நாம் யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம்.

இந்தப் பிள்ளைகள் வாங்கியதும் ஒரு காலத்தில் யாரோ பெரிய பணக்காரர் ஆசையாக வைத்திருந்த வண்டிதான். ஜப்பானிலிருந்து வந்தது. வயது இருபதைத் தாண்டிவிட்டது. உள்ளே தோல் இருக்கை, பளபளக்கும் மரப்பலகை. லயத்தில் பிறந்து, பால் மரம் வெட்டியே முதுகு வளைந்துபோன தாயாரை கேமரன் மலைக்கும் பத்துமலைத் தைப்பூசத்துக்கும் கூட்டிக்கொண்டு போய், இடுப்பு வலிக்காமல் படுக்க வைக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் வாங்க வேண்டிய சாமான்கள் என்று ஒரு தாள் எழுதி வைத்திருந்தார்கள். பெரிய தொலைக்காட்சி, வண்ண விளக்கு, புது மெத்தை, திரைச்சீலை. எங்களுக்கு அதைப் பார்த்ததும்தான் கவலை பிடித்தது.

பட்டறைக்காரர் வயதான சீனர். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் அந்தத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏணி வைத்துக் கூரைமேல் ஏறினார். பிறகு உள்ளே வந்து, கட்டிலுக்கு மேலே மூலைப் பலகையைப் பெருவிரலால் அழுத்தினார். விரல் ரொட்டியில் போவதுபோல் உள்ளே போயிற்று.

லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தகரக் கூரையில் ஓட்டை ஓரிடம், தண்ணீர் சொட்டுவது வேறிடம். பாத்திரத்தைச் சொட்டும் இடத்தில் வைப்போம், ஓட்டையை மேலே தேடுவோம். வீட்டு வண்டியும் அப்படித்தான். வெளியே அலுமினியத் தகடோ நார்க்கண்ணாடியோ இருக்கும். பல வண்டிகளில் உள்ளே தாங்குவது மரச்சட்டம். தகடு சேருமிடம், காற்றுத்துளை, விளக்குப் பொருத்திய திருகு ஆகியவற்றைச் சுற்றிப் பூசிய பசை வெயிலில் காய்ந்து வெடிக்கும். நீர் புகும். சட்டம் மக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பட்டர்வொர்த்தில் கடற்காற்று வேறு. உப்பு திருகையும் அடிச்சட்டத்தையும் தின்கிறது.

பழைய பசைமேலேயே புதுப் பசையைத் தடவுவது மருந்தாகாது. காய்ந்த சிலிக்கோன்மேல் புதியது ஒட்டுவதில்லை. முழுவதையும் சுரண்டி, துடைத்து, மக்கிய மரத்தை அறுத்து மாற்றி, அதன் பிறகே பூச வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஏறிப் பார்க்க வேண்டும். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை பலமாயிற்றே, அதற்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து மின்சாரம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் நாட்டில் 230 வோல்ட். அங்கே செய்த குளிர்பெட்டியை இங்கே சுவரில் அப்படியே செருகினால் அன்றோடு அதன் ஆயுள் முடியும். பழைய ஈய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் பேட்டரி போடுகிறோம் என்றார் தம்பி ஒருவர். போடலாம்; எடை குறையும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் மின்னேற்றும் கருவியும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இல்லாமல் நீளமாகக் கம்பி இழுத்தால் தீக்கு நாமே வழிவிட்டவர்கள் ஆவோம்.

டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூ அழியாமல் புதிதுபோல் இருந்தது. ஓரத்தில் நான்கு எண்கள் இருக்கும். 3212 என்றிருந்தால் 2012-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்தது என்று பொருள். நின்றுகொண்டே கிழடான டயர் அது! பிரேக் எண்ணெயும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மலையிறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த எண்ணெய் கொதித்தால் மிதித்த கால் வெறுமனே உள்ளே போகும். தண்ணீர்த் தொட்டியில் நூறு லிட்டர் நிரப்பினால் நூறு கிலோ கூடுகிறது என்பதையும் லோரி ஓட்டுகிறவரிடம் நாங்கள் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சிரித்துவிட்டார்.

சிரிக்க முடியாத விஷயம் பின்னாலிருந்தது. பின்பக்கப் பெட்டியில் ஒரு ஜெனரேட்டர். அதற்கு நேர் மேலே தாயாருக்கென்று ஒதுக்கிய கட்டில். தரைப்பலகையில் பழைய கம்பி போன துளை ஒன்று அடைக்கப்படாமல் கிடந்தது. "ராத்திரி ஏ.சி. ஓட வேண்டுமே, சார்" என்றார்கள்.

கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்து வடகரையில் 2024 டிசம்பரில் நடந்ததை அவர்களிடம் சொன்னோம். சாலையோரம் ஒரு கேரவன் நின்றது. ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓடவிட்டு உள்ளே இரண்டு பேர் இளைப்பாறினார்கள். இருவரும் இறந்து கிடந்தார்கள். ஒருவர் வாசற்படி வரை வந்திருக்கிறார். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தார் அதே வண்டியில் சோதித்தார்கள். ஜெனரேட்டர் புகை தரையிலிருந்த துளை வழியாக உள்ளே ஏறியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் காற்றின் பத்து லட்சம் பங்கில் தொள்ளாயிரம் பங்குக்கு மேல் கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிட்டது.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தம் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு தூக்கக் கலக்கம். களைப்பு என்று எண்ணிப் படுத்தவர் எழுந்திருப்பதில்லை. தலை சுற்றினால் உடனே எல்லாரும் வெளியேறி நல்ல காற்றுக்கு வர வேண்டும், 999-ஐ அழைக்க வேண்டும். மூடிய வண்டிக்குள் கரி அடுப்பு வைப்பதும் இதே ஆபத்துதான்.

தோட்டத்தில் ஜெனரேட்டர் ஓடிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இரவு விளக்கு அணையும் நேரம் வரை தடதடவென்று கேட்கும். ஆனால் அது லயத்துக்குத் தள்ளித் தனிக் கொட்டகையில் இருந்தது. யார் வீட்டுக் கட்டிலின் கீழும் இல்லை.

சமையல் வாயு வேறு குணம். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே தோம்பு இருக்கும் பெட்டியின் அடியில், வாயு வெளியே இறங்கிப் போகத் துளை வேண்டும். அடைக்க வேண்டிய துளை ஒன்று, அடைக்கக் கூடாத துளை ஒன்று! இரண்டையும் மாற்றிச் செய்துவிடப் போகிறார்களே என்று பட்டறைக்காரர் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டுக் கொடுத்தார்.

வண்டியின் உடலை வெட்டுவதும் இருக்கையைக் கூட்டிக் குறைப்பதும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெற்றே செய்ய வேண்டியவை. பட்டறையில் வேலை முடிந்தபின் போய்க் கேட்பது தலைகீழ் முறை.

சென்ற வாரம் மறுபடி போய்ப் பார்த்தோம். கூரை மூலை புது மரம். ஜெனரேட்டரை எடுத்து விற்று அந்தப் பணத்தில் டயர் மாற்றியிருக்கிறார்கள். தரைத்துளை அடைபட்டிருக்கிறது. தாயாரின் தலைமாட்டில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி. ஏ.சி. இல்லை, ஜன்னலைத் திறந்து ஒரு சிறு விசிறி மாட்டியிருக்கிறார்கள். "லயத்தில் எந்த ஏ.சி.யில் படுத்தோம்?" என்று அம்மா கேட்டாராம். திரைச்சீலைக்கு இன்னும் பணம் சேரவில்லை. ஜன்னலில் ஒரு பழைய கைலியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.