பழவேற்காட்டு மீன் வண்டிக்கு எந்த ரேடியேட்டர்?

இன்னைக்கு எபிசோட்ல கொஞ்சம் கிரீஸ் வாசனையும் கொஞ்சம் மீன் வாசனையும் சேர்ந்து வரும். கேள்வி இதுதான்: ஒரு டீசல் லாரியோட ரேடியேட்டர் போச்சுன்னா, புதுசா எதை வாங்கணும்?

“என்கிட்ட ஸ்கூட்டர்தான் இருக்கு, எனக்கெதுக்கு லாரி ரேடியேட்டர்?”னு கேட்கலாம். ஞாயித்துக்கிழமை நீங்க வாங்குற இறால், ஐஸ் கரையறதுக்குள்ள சென்னைக்கு வந்து சேரணும்னா ஒரு டீசல் எஞ்சின் வழியில சூடாகி நிக்காம இருக்கணும். அவ்வளவு நெருக்கமான விஷயம் இது.

இடத்தைச் சொல்லிடறேன். பழவேற்காடு ஏரி, சென்னைக்கு வடக்கே. ஒடிசாவோட சிலிகா ஏரிக்கு அடுத்து, இந்தியாவோட இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவுல, தெற்கு முனை நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல. ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல ஸ்ரீஹரிகோட்டா தீவு. சுத்தி இருக்கிற குப்பங்கள்ல இறால், நண்டு, மடவை எல்லாம் வரும். அதை ஏத்திக்கிட்டு பொன்னேரி, மீஞ்சூர் வழியா சென்னைக்கு வண்டிகள் போகும். என் மாமாவோடது அதுல ஒரு வண்டி. பழைய வண்டி, ஆனா எஞ்சின் நல்லா இருக்கு.

ஏப்ரல் மாசம் அந்த வண்டியோட ரேடியேட்டர் ஒழுக ஆரம்பிச்சது. நேரத்தைக் கவனிங்க. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கிழக்குக் கடற்கரையில விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஏரியில வலை போடுறவங்களுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் அந்தத் தடை கிடையாது. மார்க்கெட்ல மீன் கம்மியா இருக்கிற அந்த ரெண்டு மாசம்தான் ஏரி மீனுக்கு நல்ல விலை. அதே ரெண்டு மாசத்துலதான் கத்திரி வெயிலும். வண்டி நிக்கவே கூடாத நேரத்துல, எஞ்சின் அதிகமா சூடாகுற நேரமும் சேர்ந்து வருது. ஒரு லோடு வழியில நின்னா இறால் விலை கருவாட்டு விலைக்கு இறங்கிடும். நஷ்டம் மாமாவுக்கு மட்டும் இல்லை, ஏலத்துல சரக்கு எடுத்து அனுப்புன பெண்களுக்கும்தான்.

வீட்டுல ரெண்டு கட்சி. மாமா, “பழையபடி செம்பு-பித்தளை ரேடியேட்டர்தான்” என்கிறார். மச்சான், அதாவது அவர் பையன், “யாருப்பா இன்னும் அதைப் போடுறா? அலுமினியம் வாங்கு, வெயிட் கம்மி, விலையும் கம்மி” என்கிறான். ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அதனால அடியிலேர்ந்து பார்க்கலாம்.

முதல்ல, எவ்வளவு சூடு? ஒரு லிட்டர் டீசல்ல ஏறக்குறைய 10 கிலோவாட்-மணி சக்தி இருக்கு. டீசல் எஞ்சின் அதுல மூணுல ஒரு பங்கை, கொஞ்சம் கூடுதலாவே, சக்கரத்துக்குக் கொடுக்கும். இன்னொரு பங்கு சைலன்சர் வழியா புகையோட போயிடும். மிச்சத்துல பெரும்பகுதி ரேடியேட்டர் தலையில விழும். லோடோட மணிக்கு 10 லிட்டர் எரிக்கிற வண்டின்னு வச்சுக்கோங்க. ரேடியேட்டர் சுமார் 30 கிலோவாட் சூட்டை வெளியே தள்ளணும். வீட்டு பாத்ரூம்ல இருக்கிற 2 கிலோவாட் கீசர் 15 ஒண்ணா ஓடுற அளவு சூடு அது.

இவ்வளவையும் காத்துக்குக் கைமாத்துறது எப்படி? பரப்பைக் கூட்டணும். 1901-ல வந்த மெர்சிடிஸ் 35 எச்.பி. கார்ல வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் வச்சார். அதுல 8,070 குட்டிக் குழாய்கள். இன்னைக்கு வரைக்கும் அதே யோசனைதான்: தண்ணி ஓட மெல்லிசான குழாய்கள், குழாய்களுக்கு நடுவுல காத்து தொட்டுட்டுப் போக மெல்லிய தகடுகள். அந்தத் தகடுகளைத்தான் ஃபின்ஸ் என்கிறோம்.

இப்போ மாமா கட்சி. செம்பு சூட்டைக் கடத்துறதுல அலுமினியத்தை விட ஒண்ணரை மடங்குக்கு மேல நல்லது. அப்போ செம்புதானே ஜெயிக்கணும்? அங்கதான் ஒரு சிக்கல். அந்தப் பழைய ரேடியேட்டர்ல ஃபின்ஸ் செம்பு, ஆனா தண்ணி ஓடுற குழாய் பித்தளை, ரெண்டையும் ஒட்டுறது ஈயப்பத்து. பித்தளையும் ஈயமும் செம்பு அளவுக்குச் சூட்டைக் கடத்தாது. அலுமினிய ரேடியேட்டர்ல குழாயும் ஃபின்ஸும் உலையில ஒரே துண்டு மாதிரி சேர்ந்துடும், குழாயையும் அகலமா செய்யலாம். அதனால புது நிலையில, ஒரே அளவு ரேடியேட்டர்ல, செம்புங்கிற ஒரே காரணத்துக்காக எஞ்சின் அதிகமா குளிர்ந்துடாது. வெயிட்ல மச்சான் சொல்றது முழுக்கச் சரி. செம்போட அடர்த்தி 8.9, அலுமினியத்தோடது 2.7.

ஷோரூம்ல நிக்கிற வண்டின்னா பேச்சை இங்கயே முடிச்சிடலாம். பழவேற்காட்டுல இன்னும் மூணு விஷயம் இருக்கு: உப்புக் காத்து, உப்புத் தண்ணி, அப்புறம் மணலி ரோடு.

உப்புக் காத்து யாரையும் விடாது. செம்பு ஃபின்ஸ் பச்சை பூத்து, பத்து விட்டு, விரலால தட்டினா உதிரும். அலுமினியத்துல வெள்ளைப் பொடி பூக்கும். வெளிப்பக்க அரிப்புல ரெண்டுக்கும் அடிதான். வித்தியாசம் உள்பக்கத்துல இருக்கு. ஊர்ல பல போர் தண்ணி வாயில வைக்க முடியாத உப்பு. அதை ரேடியேட்டர்ல ஊத்தினா பித்தளைக் குழாய்ல காரை படியும், மெல்ல மெல்ல அடைக்கும். அலுமினியக் குழாய்லயோ அந்த உப்புல இருக்கிற குளோரைடு ஊசி குத்தின மாதிரி பொத்தல் போட்டுடும். அலுமினியம் வாங்குறவங்க தண்ணி விஷயத்துல ஒரு நாள் கூட அலட்சியமா இருக்க முடியாது. வழியில நின்னு, கையில கிடைச்ச குடத்துத் தண்ணியை ஊத்துற டிரைவருக்கு அது சரிப்படுமான்னு யோசிக்கணும்.

இந்த இடத்துல மச்சான் ஒரு நல்ல கேள்வி கேட்டான். “போட் எஞ்சினெல்லாம் கடல்லயே கிடக்குதே, அது எப்படி?” ஃபைபர் போட்டுல இருக்கிற சின்ன டீசல் எஞ்சின்கள்ல பல, காத்துலயே ஆறுற வகை. ரேடியேட்டரே கிடையாது. பெரிய கப்பல்ல கடல் தண்ணியைப் பயன்படுத்துவாங்க, ஆனா அதை எஞ்சினைச் சுத்தி ஓட விடமாட்டாங்க. எஞ்சினுக்குள்ள நல்ல தண்ணி சுத்தும், வெளியே ஒரு பெட்டியில கடல் தண்ணி அந்த நல்ல தண்ணியைக் குளிர வைக்கும். கடலுக்கு நடுவுல இருக்கிறவனே உப்புத் தண்ணியை எஞ்சின்கிட்ட சேர்க்கறதில்லை.

அடுத்தது கூலன்ட். “அது குளிர்ல தண்ணி உறையாம இருக்கத்தானே, நம்ம ஊர்ல எதுக்கு?”னு நிறைய பேர் கேட்பாங்க. தண்ணியே சூட்டை அதிகமா வாங்கும், அது உண்மை. கூலன்ட் வேற வேலைக்கு. ஒண்ணு, துருவையும் அரிப்பையும் தடுக்கிற மருந்து அதுல இருக்கு. ரெண்டு, கொதிநிலை கொஞ்சம் ஏறும். மூணாவதுதான் டீசலுக்கே உரிய விஷயம். லாரி எஞ்சின் பலதுல சிலிண்டர் லைனர் நேரா தண்ணியில நிக்கும். ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிரும், அதுக்குப் பின்னாடி குட்டிக் குட்டிக் குமிழ்கள் உருவாகி உடையும். உடையற ஒவ்வொரு குமிழும் இரும்பைக் கொஞ்சம் கொத்தும். வெறும் தண்ணியில ஓட்டினா லைனர் ஓட்டையாகி, தண்ணி ஆயிலோட கலந்துடும். அதனால டீசலுக்குன்னு கேட்டு வாங்குங்க, எஞ்சின் கம்பெனி சொல்ற வகையைப் பார்த்து. கலக்குறதுக்கு பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்.

மூணாவது, ரோடு. மீஞ்சூர், மணலி, எண்ணூர் பக்கம் வண்டி ஓட்டினவங்களுக்குத் தெரியும், துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை. வண்டி ஓடும்போது எதிர்க்காத்து ரேடியேட்டரைக் குளிர வைக்கும். ஊர்ந்து போகும்போது மொத்த வேலையும் ஃபேன் தலையில. ஃபேனைச் சுத்தி ஒரு கூண்டு இருக்கும், ஷ்ரௌடுன்னு பேரு. அது உடைஞ்சிருந்தா ஃபேன் ரேடியேட்டர் வழியா காத்தை இழுக்காம, பக்கத்துல இருக்கிற சூட்டுக் காத்தையே திரும்பத் திரும்பச் சுத்தும்.

இதே காரணத்தாலதான் “ஃபின்ஸ் நெருக்கமா இருந்தா நல்லது, கோர் தடியா இருந்தா நல்லது”ங்கிற கடைப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வச்சுக் கேட்கணும். நெருக்கமான ஃபின்ஸ்ல புழுதி, பூச்சி, உப்பு எல்லாம் சீக்கிரம் அடைக்கும். நாலு வரிசைக் கோர்ல முதல் ரெண்டு வரிசையைத் தாண்டும்போதே காத்து சூடாகிடும், பின்வரிசைக்குச் சூட்டுக் காத்துதான் கிடைக்கும். தள்ளுறதுக்கு ஃபேனும் திணறும். தடிமனைக் கூட்டுறதை விட, இடம் இருந்தா முகப்பு அகலத்தைக் கூட்டுறது அதிக பலன்.

இன்னொண்ணு முக்கியம். ரேடியேட்டரைக் கழட்டறதுக்கு முன்னாடி, குத்தவாளி அதுதானான்னு பாருங்க. மூடியைப் பாருங்க. அது வெறும் மூடி இல்லீங்க, பிரஷர் வால்வு. குக்கர் மாதிரி. சுமார் ஒரு பார் அழுத்தம் பிடிச்சா, 100 டிகிரியில கொதிக்க வேண்டிய தண்ணி 120 வரைக்கும் தாங்கும். ரப்பர் காஞ்சு போன மூடி அந்த 20 டிகிரியையும் பறிச்சிடும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கா, வாட்டர் பம்ப் ஒழுகுதா, கீழ் ஹோஸ் உள்ள ஒட்டிக்குதா? அப்புறம் தெர்மோஸ்டாட். நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லைன்னு கழட்டிப் போடற பழக்கம் இருக்கு. பல எஞ்சின்ல அது திறக்கும்போது பக்கவழியை மூடுற வேலையையும் செய்யும். கழட்டிட்டா சூட்டுத் தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம குறுக்கு வழியில திரும்பி எஞ்சினுக்கே வந்துடும். லோடு ஏறும்போது இன்னும் சூடாகும். லோடு இல்லாதப்போ எஞ்சின் குளிர்ந்தே ஓடி டீசலைக் குடிக்கும்.

மாமா வண்டியில இதெல்லாம் பார்த்தாச்சு. மூடி போயிருந்தது, ஷ்ரௌடுல விரிசல், கோர்ல நிஜமாவே ஒழுகல். கடைசி வாதம் மாமாவோடது. “காலையில நாலு மணிக்கு மீஞ்சூர்ல ஒழுகினா யார்டா அடைப்பான்? பித்தளையா இருந்தா ஏதாவது ஒரு பட்டறையில எழுப்பி, அந்த ஒரு குழாயை மட்டும் அமுக்கி ஈயம் வச்சு அனுப்பிடுவான். உன் பிளாஸ்டிக் டேங்க் வெடிச்சா முழுசா மாத்தணும், கடை திறக்கப் பத்து மணி.” மச்சான் பேசல. ஏன்னா பத்து மணிக்கு மார்க்கெட்டே முடிஞ்சிருக்கும்.

அதனால செம்பு-பித்தளை. மேல் டேங்கும் கீழ் டேங்கும் பழசே, கோர் மட்டும் புதுசு. கம்பெனி கொடுத்த அதே அளவு, ஃபின்ஸ் அதே நெருக்கம். அதோட புது மூடி, புது ஷ்ரௌடு, டீசல் கூலன்ட். மச்சான் பேச்சுக்கும் ஒரு இடம் கிடைச்சது. வண்டியில எப்பவும் ஒரு கேன் கலந்த கூலன்ட் இருக்கணும், குடத்துத் தண்ணி கூடாதுன்னு அவன் போட்ட ரூலை மாமா ஒத்துக்கிட்டார்.

எல்லாருக்கும் இதே பதில்னு எடுத்துக்காதீங்க. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 வண்டின்னா, ரேடியேட்டருக்கு முன்னாடி இன்டர்கூலர் இருக்கும், எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு வச்ச அலுமினியம். அதுல கம்பெனி அளவை மாத்தாதீங்க, அலுமினியத்துலயே இருங்க, கூலன்ட் மட்டும் ஒழுங்கா. பழைய வண்டி, உப்புக் காத்து, ராத்திரி ஓட்டம், பக்கத்துல ஈயம் வைக்கிற பட்டறை, இந்த நாலும் சேர்ந்தா பித்தளை.

கடலோரத்துல இருக்கிறவங்க எதை வாங்கினாலும் வாரம் ஒரு தடவை, எஞ்சின் ஆறின பிறகு, உள்பக்கத்துலேர்ந்து வெளிப்பக்கமா நல்ல தண்ணியை மெதுவா பீய்ச்சிக் கழுவுங்க. பிரஷர் வாஷ் வேண்டாம், ஃபின்ஸ் மடங்கிடும்.

ரோட்டுல ஆவி விட்டு நிக்கிற வண்டியைப் பார்த்தா உதவப் போங்க, ஆனா சூட்டோட மூடியைத் திறக்க விடாதீங்க. அழுத்தம் போன நொடி உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி முகத்துல அடிக்கும். அரை மணி நேரமாவது காத்திருக்கச் சொல்லுங்க. அந்த நேரத்துல ஐஸ் பெட்டி மேல ஒரு ஈரச் சாக்கைப் போட்டுவிடுங்க, அதுவே பெரிய உதவி.

அடுத்த வாரம் பார்க்கலாம்.