துவிச்சக்கர வண்டியில் அல்ப்ஸ் மலை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் பழைய அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சுவிற்சர்லாந்திலிருந்து வந்திருக்கும் நான் இன்று ஏதாவது பேச வேண்டுமென்று செயலாளர் பணித்தார். பேச்சாளன் அல்லாத நான், 2019 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் துவிச்சக்கர வண்டியில் தன்னந்தனியே செய்த மூன்று நாட் பிரயாணத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதில் நான் பெருமைப்பட்டுக் கொள்ளும் செயல் ஒன்றே ஒன்றுதான். அது மலையேறியதன்று, பாதி வழியில் திரும்பி வந்தது.

மேடு பள்ளம் காணாத ஊர்த் தெருவில் சைக்கிள் பழகியவன் நான். அங்கோ ஓட்டமெல்லாம் ஏற்றமும் இறக்கமுந்தான். வண்டியின் இருபுறமும் பைகளைக் கட்டி, செர்னெஸ் என்னும் கிராமத்திலிருந்து புறப்பட்டேன். கிழக்குச் சுவிற்சர்லாந்திலுள்ள அவ்வூர் சுவிஸ் தேசிய வனத்தின் வாயில். 1914 ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி ஸ்தாபிக்கப்பட்ட அவ்வனம், அல்ப்ஸ் மலைத்தொடரின் தேசிய வனங்களுள் மூத்தது; பரப்பு ஏறக்குறைய 170 சதுர கிலோமீற்றர். அதனூடே செல்லும் வீதி 2,149 மீற்றர் உயரமான ஓஃபன் கணவாயை அடைகிறது.

அவ்வனத்தின் விதிகள் மிகக் கடுமையானவை. குறித்த நடைபாதையை விட்டு ஓரடியும் விலகலாகாது. பூப் பறிக்கலாகாது, கல்லொன்றை எடுக்கலாகாது, தீ மூட்டலாகாது, நாயைக் கூட்டிச் செல்லலாகாது. சைக்கிளுக்கு நெடுவீதி ஒன்றுதான் உண்டு. நடைபாதைகளில் அதற்கும் இடமில்லை. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடந்து உக்கிப் போகிறது. அதைக் கண்டதும், "ஐயோ, இவ்வளவு விறகும் வீணாகிறதே!" என்றுதான் முதலில் எனக்குத் தோன்றிற்று.

பிறகு அதன் வரலாற்றை அறிந்தேன். முற்காலத்தில் அக்காடுகள் இரும்புலைகளுக்காக வெட்டப்பட்டன. ஓஃபன் என்ற ஜேர்மன் சொல்லே உலையைக் குறிப்பது. ஒஸ்திரியாவிலிருந்த உப்புக் காய்ச்சும் சாலைக்கும் மரங்கள் ஆற்றுவழியே மிதக்கவிடப்பட்டன. ஐபெக்ஸ் என்னும் காட்டு மலையாடு வேட்டையால் அந்நாட்டிலேயே அற்றுப் போயிற்று. அங்கு கடைசியாக எஞ்சிய கரடியும் 1904 இல், இவ்வனத்திற்கு அண்மையிலுள்ள பள்ளத்தாக்கொன்றில் சுடப்பட்டது. பத்து ஆண்டுகளின் பின், "இனி இங்கே கை வைப்பதில்லை" என்று மனிதர் பின்வாங்கினர். 1920 இல் ஐபெக்ஸ் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டது. 1991 இல் தாடிக்கழுகு விடப்பட்டது. 2005 இல், எவரும் கொண்டு வராமலே, இத்தாலிப் பக்கத்திலிருந்து கரடியொன்று தானாக நடந்து வந்து ஓஃபன் கணவாய்ப் பகுதியில் காட்சி கொடுத்தது. நூற்றொரு ஆண்டுகளின் பின் வந்த விருந்தாளி!

பின்வாங்குதல் என்றால் தோல்வி என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் மறுநாள் சோதனைக்கு வந்தது.

முதலிரவு கணவாய்க்கு அப்பாலுள்ள சாந்தா மரியாவில் தங்கினேன். அப்பள்ளத்தாக்கில் மக்கள் பேசுவது றொமான்ஸ் மொழி. பேசுவோர் தொகை மிகச் சிறிதாயினும், 1938 ஆம் ஆண்டின் மக்கள் வாக்கெடுப்பினால் அது நாட்டின் தேசிய மொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. காலையில் கீழேயுள்ள முஷ்தேர் கிராமத்தின் பழைய மடாலயத்தில், கி.பி. 800 அளவில் தீட்டிய சுவரோவியங்களைப் பார்த்துக் கொண்டு நின்றேன். நேரம் போனதே தெரியவில்லை. இத்தாலி எல்லையைக் கடந்து பிராத்தோ என்னும் ஊரை அடைந்தபோது மணி பதினொன்று. என் பிழை அங்கேதான் ஆரம்பமாயிற்று.

பிராத்தோவிலிருந்து ஸ்தெல்வியோ கணவாய்க்கு ஏறக்குறைய 24 கிலோமீற்றர். ஏற்றம் 1,800 மீற்றருக்கும் மேல். கார்லோ தொனெகானி என்ற பொறியியலாளரின் திட்டப்படி 1820 முதல் 1825 வரை அமைக்கப்பட்ட இவ்வீதி, 1935 இல் உருவான ஸ்தெல்வியோ தேசிய வனத்தினூடே ஏறுகிறது. அதில் 48 கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம். அடியில் 48, உச்சியில் 1. கணவாயின் உயரம் 2,757 மீற்றர். நமது பீதுருதாலகால மலையின் சிகரத்திலும் 200 மீற்றருக்கு மேல் உயர்ந்த இடத்துக்கு வீதி போட்டிருக்கிறார்கள்!

கோடைகாலத்தில் அம்மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். ஆகையால் விடியற்காலையில் ஏறி மதியத்துக்குள் கணவாயைக் கடந்துவிட வேண்டும். இதை நன்கறிந்திருந்தும் நான் பதினொரு மணிக்குத் தொடங்கினேன். காரணம், அன்று மாலை உச்சியிலிருந்து படம் அனுப்புவதாக மகளுக்கு வாக்களித்திருந்தேன். வாக்கு என்று சொன்னேன். உண்மையில் அது வீம்பு.

பிற்பகல் மூன்று மணியளவில், ஏறக்குறைய 2,190 மீற்றர் உயரத்திலுள்ள ஒரு விடுதியை அடைந்தேன். அவ்விடத்திலே மரங்கள் முடிந்துவிடும். எஞ்சிய வளைவுகள் யாவும் மதிலில் சாத்திய ஏணிபோல் கண்முன்னே நிற்கும். எதிரே ஓர்த்லர் சிகரத்தின் பனி கறுத்த மேகத்துள் மறைந்து கொண்டிருந்தது. இடி முழங்கியது. "இன்னும் இருபது வளைவுகள்தானே" என்றது மனம்.

விடுதிக்கார அம்மையார் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "கையுறை இருக்கிறதா?" விரல் மூடாத கோடைக் கையுறையைக் காட்டினேன். அவர் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார்.

அக்கேள்வியின் பொருள் எனக்கு விளங்கிற்று. ஏறும்போது உடம்பு சூடாயிருக்கும்; குளிர் தெரியாது. ஆபத்து இறங்கும்போதுதான். 1,000 மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறைகிறது. நனைந்த உடம்பில் காற்றடித்தால் விரல்கள் விறைத்துவிடும். விறைத்த விரலால் பிறேக்கை அழுத்த முடியாது. பிறேக் பிடியாதவனுக்கு வளைவு ஒன்றென்ன, நாற்பத்தெட்டென்ன? தனியே வந்தவன் விழுந்தால் தூக்கிவிடவும் ஆளில்லை.

பத்து நிமிடத்தில் ஆலங்கட்டி கொட்டியது. வீதி வெள்ளையாயிற்று. மழை ஓய்ந்தபின், உச்சிப் பக்கம் பாராமல் வண்டியைத் திருப்பினேன். வெட்கமாகத்தான் இருந்தது. மோட்டார் வண்டிகளில் மேலே செல்வோர் என்னையே பார்ப்பதாக ஓர் எண்ணம். கீழேயுள்ள திராபோய் கிராமத்தில் அறையெடுத்து, மகளுக்கு, "இன்று ஏறவில்லை" என்று எழுதினேன். "அப்பா, சாப்பிட்டீர்களா?" என்று மட்டும் பதில் வந்தது. என் வீம்புக்கு அவளிடம் ஒரு மதிப்பும் இருக்கவில்லை!

மறுநாள் கம்பளிக் கையுறையொன்று வாங்கி வைத்துக்கொண்டேன். அதிகாலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டேன். முன்சக்கரப் பல்லில் மிகச் சிறியதும் பின்னால் மிகப் பெரியதுமாக மாற்றி, மூச்சு வாங்காத கதியில் மிதித்தேன். ஒன்பது மணிக்கு முன் ஒன்றாம் இலக்க வளைவைக் கடந்தேன். உச்சியிலே கடைகளும் இரைச்சலுந்தான். எனினும் திரும்பிப் பார்த்தபோது நான் ஏறிய வீதி காலடியில் சுருண்டு கிடந்தது. சட்டைக்குள் பழைய பத்திரிகைத் தாளை வைத்து, கையுறை மாட்டி, உம்பிறேயில் கணவாய் வழியாகச் சாந்தா மரியாவுக்கு இறங்கினேன். வளைவுக்கு முன்னரே பிறேக்கை அழுத்தி, வளைவினுள்ளே தளர்த்தினேன். நடுங்காத விரல்கள் சொன்னபடி கேட்டன.

இளைஞர்களே, தனியே பிரயாணஞ் செய்யுங்கள். அதனால் வரும் தைரியத்தை வேறெந்தப் பள்ளியும் தராது. ஆனால் தனியே போகிறவன் தனக்குத் தானே பெரியவனாகவும் இருக்க வேண்டும். எந்த மணிக்கு, எந்த இடத்தில் திரும்புவேன் என்பதை வீட்டை விட்டுப் புறப்படுமுன்னரே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மலையடியில் நின்று தீர்மானிக்கப் போனால், வீம்புதான் தீர்மானிக்கும்.

பெரியோர்களே, "தனியே போகாதே" என்று பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். அவர்கள் சொல்லாமற் போவார்கள். அந்த அம்மையார் என்னைத் தடுக்கவில்லை. கையுறை உண்டா என்றுதான் கேட்டார். நீங்களும் அப்படியொரு கேள்வி கேளுங்கள். அது போதும்.