முக்குருத்தி மலையும் வரையாடும்



குடவாசலில் நின்று நாற்றிசையும் நோக்கினாலும் மலை என ஒன்று கண்ணிற்படாது. கோச்செங்கட் சோழன் எடுத்ததாகக் கூறப்படும் கோணேசுவரர் மாடக்கோயிலே எங்களுக்கு மேடு. அவ்வூரினனாகிய நான் மலைக்காட்டைப் பற்றிப் பேச வந்தது வியப்பாயிருக்கலாம். ஆயினும், எங்கள் வாய்க்கால் நீருக்குப் பிறந்தகம் மலையன்றோ? குடகு மலையை யாவரும் அறிவர். மற்றொரு பிறந்தகம் நீலகிரியின் மேற்கோரத்தில், 2,554 மீட்டர் உயர்ந்த முக்குருத்திச் சிகரத்தை ஒட்டி உள்ளது. அங்குத் தோன்றும் பைக்காரா, மோயாறாகிப் பவானியிற் கலக்கிறது. பவானியோ மேட்டூருக்குக் கீழே கூடுதுறையில் காவிரியை அடைகிறது.

5,520 சதுர கிலோமீட்டர் பரந்த நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986-இல் அமைந்தது. அதனுள் அடங்கிய முக்குருத்தி, 1990-இல் தேசியப் பூங்காவாயிற்று. வனத்துறையினரின் இசைவோடு ஒருமுறை அங்குச் சென்றிருந்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் புல் போர்த்த குன்றுகள். அவற்றின் மடிப்புகளில் மட்டும் குட்டையான, அடர்ந்த சோலைகள். பருவமழை கொட்டும்போது புல்லும் சோலை மண்ணும் நீரை உறிஞ்சிவைத்து, கோடையிலும் ஓடைகளில் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. மலையுச்சியில் ஓர் ஏரியை ஒளித்துவைத்தாற் போல!

செங்குத்தான பாறையொன்றில் வரையாட்டு மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. சங்கப் புலவர் 'வருடை' என்றது இதனையே என்பர். குளம்பின் விளிம்பு கடினம். நடுப்பகுதியோ மெத்தென்றிருந்து பாறையைப் பற்றிக்கொள்ளும். முதிர்ந்த கடாவின் முதுகில் சேணமிட்டாற்போல் வெளிறிய திட்டு. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இவ்விலங்கு, தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1,031 மட்டுமே. நமது மாநில விலங்கின் தொகை, ஒரு பெரிய கல்லூரியின் மாணவர் தொகைக்கும் குறைவு!

வேட்டை ஒருபுறம் இருக்க, இதற்கு வாய்த்த பெரும்பகை மரம் என்றால் நம்புவீர்களா? மரம் நடுதல் நன்று என்றே நாம் படித்திருக்கிறோம். இங்கே அது பொருந்தவில்லை. தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று ஆஸ்திரேலியச் சீகை மரத்தைப் புல்வெளிகளில் நட்டார்கள். அது தானே பரவிப் புல்லை மூடிற்று. புல் போனால் வரையாட்டுக்கு உணவில்லை, நீரும் குறையும். தைல மரம் நட்ட சரிவுகளில் ஓடைநீர் குறைந்ததை நீலகிரியில் நெடுங்காலம் அளந்தே கண்டிருக்கின்றனர்.

இப்போது சீகையை அகற்றிவருகிறார்கள். வெட்டினால் மட்டும் போதாது. மண்ணில் நெடுங்காலம் உறங்கும் விதை மழைக்குப் பின் முளைத்துவிடும். ஆண்டுதோறும் சென்று கன்றுகளைக் கையால் பிடுங்கி, மலைப்புல்லை நாற்றாக நடவேண்டும். நடவும் களையெடுப்பும் எத்தகைய பாடு என்பதை எங்களூர்ப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள்.