வழியறிந்து வழிகாட்டுவோம்



பரிசில் பெற்றவன், தான் சென்ற வழியைப் பெறாதவனுக்குக் காட்டுவது ஆற்றுப்படை. மேல்நிலை மாணவரை உயர்கல்விக்கு ஆற்றுப்படுத்துவதும் இன்று தனித்தொழிலாக வளர்ந்துள்ளது. அதை நாடும் இளையோர்க்கு என் பிழையொன்றைக் கூறுகிறேன்.

பத்தாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி, "ஐயா, எந்தப் பிரிவில் சேரலாம்?" என்று வினவினாள். "கணக்கு உனக்குக் கடினம்; கணிதம் இல்லாத பிரிவில் சேரம்மா" என்றேன். ஈராண்டு கழித்துப் பொறியியல் பயில விழைந்து வந்தாள். மேல்நிலையில் கணிதம் பயிலாதது பொறியியற் சேர்க்கைக்குத் தடையாகலாம் என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவள் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே இன்றளவும் வருத்துகிறது.

ஆகவே, அன்பு மட்டும் போதாது. உளவியலோ கல்வியியலோ பயிலுங்கள். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் வழிகாட்டுதலுக்கெனப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அரசுப் பள்ளி மாணவர்க்குரிய 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு, கலந்தாய்வின் விருப்ப வரிசை, கல்வி உதவித்தொகை ஆகியவற்றின் விதிகளை ஆண்டுதோறும் புதிதாகப் படியுங்கள். பெற்றோரின் ஆசையைக் கேளுங்கள். பிள்ளையின் மனத்தையும் தனியே கேளுங்கள்.

"எனக்குத் தெரியாது, அறிந்து சொல்கிறேன்" என்பதும் வழிகாட்டலே. அன்று அதைச் சொல்லியிருந்தால் ஒரு கதவு அடைபட்டிராது.