சரிபார்த்த சொல்: தொடர்பியல் கல்வியும் மக்கள் தொடர்புப் பணியும்



பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளை, "ஊடகத் துறைக்குப் படிக்கப் போகிறேன்" என்று சொன்னவுடன் பல இல்லங்களில் ஒரு தயக்கம் எழுகின்றது. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் பட்டயக் கணக்காளர் தேர்வுக்கும் வழி அறிந்த பெற்றோர்க்கு இந்த வழி புதியது. "பேசத் தெரிந்தவனுக்கு அதற்கெனத் தனியே ஒரு படிப்பு எதற்கு?" என்று தந்தை கேட்பார். "வாயுள்ள பிள்ளை, எங்குப் போனாலும் பிழைத்துக்கொள்ளும்" என்று பாட்டி தேற்றுவார். இருவர் சொல்லிலும் அடங்கியிருப்பது ஒரே எண்ணம்தான்: அத்துறைக்கு வேண்டியது நாவன்மை ஒன்றே என்பது. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை, மக்கள் தொடர்புத் தொழிலுக்கு அடித்தளம் இட்டோருள் ஒருவராகிய ஐவி லீ என்பாரின் வாழ்க்கையைக் கொண்டே ஆராயலாம்.

ஐவி லீ, அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில் கிறித்தவப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்று, நியூயார்க் நாளிதழ்களில் நிருபராகப் பணியாற்றியவர். அக்காலத்துப் பெருநிறுவனங்கள் பல, செய்தியாளரைக் கண்டால் கதவை அடைத்தன. விபத்து நேர்ந்தால் மறைத்தன; வேலைநிறுத்தம் நடந்தால் வாய் திறக்க மறுத்தன. 1906ஆம் ஆண்டில் நிலக்கரிச் சுரங்க உரிமையாளர்களின் சார்பில் பணியேற்ற லீ, நாளிதழ் ஆசிரியர்களுக்கு ஒரு கொள்கை அறிக்கையை அனுப்பினார். தமது பணி மறைவில் நடப்பதன்று என்றும், தாம் தரும் செய்தி பிழையற்றதாக இருக்கும் என்றும், அதிலுள்ள எந்தக் கூற்றையும் நேரடியாகச் சரிபார்க்க விரும்பும் ஆசிரியர்க்கு மகிழ்வுடன் உதவுவதாகவும் அதில் உறுதி கூறினார்.

அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று, அட்லாண்டிக் சிட்டி நகருக்கு அருகே இரயில் வண்டி ஒன்று பாலத்திலிருந்து நீரில் வீழ்ந்து 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்விருப்புப்பாதை நிறுவனத்துக்காகப் பணியாற்றிய லீ, நிகழ்ந்ததை எழுதி நாளிதழ்களுக்கு வழங்கினார். இன்று அரசு அலுவலகம் முதல் சிறு நிறுவனம் வரை நாள்தோறும் வெளியிடும் செய்திக் குறிப்பின் வரலாற்றை மக்கள் தொடர்பு நூல்கள் பெரும்பாலும் இந்நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகின்றன.

எட்டு ஆண்டுகள் சென்றன. 1914 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்தில் லட்லோ என்னும் இடத்தில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு தங்கியிருந்த கூடார ஊர் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயிற்று. கூடாரம் ஒன்றின் அடியில் வெட்டிய குழிக்குள் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறி மாண்டனர். நாடே கொதித்தது. சுரங்க நிறுவனத்தின் பெரும்பங்கு உரிமை ராக்பெல்லர் குடும்பத்திடம் இருந்தது. அக்குடும்பத்தார் நிறுவனத்தின் தரப்பை மக்களிடம் எடுத்துச் சொல்ல ஐவி லீயை அமர்த்தினர். அவர் தொடர்ச்சியாகச் செய்தி மடல்களை எழுதி நாடெங்கும் அனுப்பினார். அவற்றுள் ஒன்றில் தொழிற்சங்கத் தலைவர்கள் பெற்ற ஊதியம் உண்மையைவிடப் பன்மடங்கு மிகுதியாகக் காட்டப்பட்டிருந்தது.

தொழில் உறவுகளை ஆராய அமைந்த அமெரிக்க அரசின் ஆணையத்தின் முன் 1915இல் லீ சாட்சி கூற நேர்ந்தது. சுரங்க உரிமையாளர்கள் கொடுத்த தகவல் சரியானதுதானா என்று அறிந்துகொள்ள அவர் தாமே செய்த முயற்சி யாது என்று ஆணையம் வினவியது. எந்த முயற்சியும் செய்யவில்லை என்பதே அவர் தந்த விடை. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்று ஊருக்கு உறுதி கூறியவர், தாம் சரிபார்க்கவில்லை. அவரது ஐவி என்னும் பெயரோடு நஞ்சு என்னும் அடைமொழி சேர்ந்து இன்றளவும் வழங்கிவருகின்றது.

லீயிடம் நாவன்மைக்குக் குறைவில்லை. எழுத்து வன்மைக்கும் குறைவில்லை. ஆயினும் தமக்குக் கிடைத்த தகவலை ஐயுற்று ஆராயும் பழக்கம், வேண்டிய வேளையில் அவரிடம் இல்லாது போயிற்று. தொடர்பியல் என்னும் கல்வி தரவேண்டியது முதன்மையாக அப்பழக்கத்தையே.

லீ தொழில் தொடங்கிய நாளில் அத்தகைய கல்வி தோன்றியிருக்கவில்லை. மக்கள் தொடர்பைப் பாடமாக எட்வர்ட் பெர்னேஸ் என்பார் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1923இல் கற்பித்தார். வில்பர் ஷ்ராம் போன்ற அறிஞர்கள் 1940களில் தொடர்பியலைத் தனி ஆய்வுத் துறையாகப் பல்கலைக்கழகங்களில் நிறுவினர். யார் சொல்கிறார், என்ன சொல்கிறார், எவ்வழியாகச் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், அதனால் விளைவது என்ன என்னும் ஐந்து வினாக்களை 1948இல் ஹெரால்டு லாஸ்வெல் வகுத்துரைத்தார். அவற்றுள் நாவன்மையைப் பற்றியது இரண்டாவது வினா மட்டுமே. ஏனைய நான்கையும் கண்டறிய உளவியலும் சமூகவியலும் புள்ளியியலும் துணைவர வேண்டும்.

அக்கல்வி எதைக் கற்பிக்கின்றது என்பதற்கு இரண்டு ஆய்வுகள் சான்றாகும். ஒஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் 1940ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும், 600 வாக்காளர்களை மே முதல் நவம்பர் வரை மாதந்தோறும் சந்தித்து வினவினர். வானொலியும் நாளிதழும் வாக்காளரின் மனத்தைப் பெரிதும் மாற்றியிருக்கும் என்று பலரும் எண்ணினர். அவ்வாறு கட்சி மாறியவர் மிகச் சிலரே. தம் வீட்டாரும் நண்பரும், ஊரில் விவரம் அறிந்தவர் என மதிக்கப்படுவோரும் சொல்வதற்கே மக்கள் மிகுதியாகச் செவிசாய்த்தனர். பெருந்தொகை செலவிட்டு விளம்பரம் செய்துவிட்டால் மக்கள் நம்பிவிடுவர் என்று எண்ணும் நிறுவனத்தாருக்கு, கற்ற அலுவலர் எடுத்துக்காட்ட வேண்டிய ஆய்வு இது.

மற்றொன்று கார்ல் ஹாவ்லண்டும் வால்டர் வைஸும் 1951இல் வெளியிட்ட ஆய்வு. ஒரே கட்டுரையைச் சிலருக்கு நம்பத்தக்கவர் எழுதியதாகவும், சிலருக்கு நம்பத்தகாதவர் எழுதியதாகவும் கூறிப் படிக்கக் கொடுத்தனர். படித்தவுடன் வினவியபோது, நம்பத்தக்கவர் எழுதியது எனக் கருதிப் படித்தோரே மிகுதியாக உடன்பட்டனர். நான்கு வாரங்கள் கழித்து வினவியபோது அவ்வேறுபாடு மறைந்துபோயிருந்தது. சொன்னவர் யார் என்பது செய்தியினின்றும் விலகிப்போயிற்று. செய்தி மட்டும் மனத்தில் தங்கிற்று. பிழையான செய்தியை வெளியிட்டுவிட்டுப் பின்னர் மறுப்பு வெளியிட்டால் போதும் என்று எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். கைபேசியில் வரும் வதந்தியை, "அனுப்பியவர் யாரென்று தெரியாது, ஆனால் செய்தி உண்மைபோல் இருக்கிறது" என்று உறவினர்க்கு அனுப்பும் ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும்.

உண்மையைச் சொல்வதால் தொழில் கெடும் என்று அஞ்சுவோர்க்கு 1982ஆம் ஆண்டின் நிகழ்ச்சி விடை தரும். அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் சிகாகோ பகுதியில் டைலனால் என்னும் வலிநீக்கி மாத்திரையை உட்கொண்ட 7 பேர் இறந்தனர். யாரோ சயனைடு நஞ்சைக் குப்பிகளில் கலந்து கடைகளில் வைத்திருந்தமை பின்னர்த் தெரிந்தது. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் அம்மருந்தை உண்ண வேண்டா என்று மக்களை எச்சரித்து, நாடெங்கும் கடைகளிலிருந்த ஏறத்தாழ 3 கோடியே 10 இலட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. தன் ஆலையில் சயனைடு இல்லை என்று முதலில் கூறிய அந்நிறுவனம், சோதனைக் கூடத்தில் சிறிதளவு பயன்பட்டமை தெரியவந்ததும் அக்கூற்றைத் திருத்திக்கொண்டது. பிறர் திறந்தால் தெரிந்துவிடும் உறையுடன் அதே மருந்து மீண்டும் விற்பனைக்கு வந்தது. இழந்த சந்தையையும் பெருமளவு மீட்டது. மக்கள் தொடர்பு வகுப்புகளில் இந்நிகழ்ச்சி இன்றும் பாடமாக இருக்கின்றது.

நம் நாட்டிலும் இக்கல்விக்கு வேர் உண்டு. புதுதில்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் 1965 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கப்பெற்றது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி சென்றது. அத்திட்டத்தில் பொறியாளர் மட்டுமன்றிச் சமூக ஆய்வாளரும் பணியாற்றினர். அவர்களுட் சிலர் சிற்றூர்களிலேயே தங்கி, மக்கள் எதைக் கண்டனர், எதைப் புரிந்துகொண்டனர் என்று குறித்தனர். சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2004இல் தொடங்கிய சமுதாய வானொலியாகிய அண்ணா எப்.எம்., நாட்டில் அவ்வகையில் முதலாவதாகும்.

இத்துறையைத் தேரும் மாணவர் கருதவேண்டியவை சில உள. கல்லூரியைத் தெரிவு செய்யும்போது ஒளிப்பதிவுக் கூடத்தின் அழகை மட்டும் கண்டு மயங்குதல் கூடாது. பாடத்திட்டத்தில் ஆய்வுமுறையும் புள்ளியியலும் ஊடகச் சட்டமும் ஊடக அறமும் இடம்பெற்றுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். மாணவர் நடத்தும் இதழோ வானொலியோ உண்டா, நாளிதழிலும் நிறுவனத்திலும் பயிற்சி பெற வாய்ப்புண்டா என்று முன்னாள் மாணவரிடம் கேட்டறிதல் வேண்டும். மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை வேறு பாடத்தில் பெற்றோரும் முதுநிலையில் இதனைப் பயிலலாம். பொருளியலோ சட்டமோ அறிவியலோ கற்று வருவோர்க்கு எழுதுவதற்குப் பொருள் கைவசம் இருக்கும்.

தமிழைப் பிழையின்றி எழுதும் ஆற்றல் இத்துறையில் பெருஞ்செல்வம். ஆங்கிலத்தில் வரும் மருத்துவக் குறிப்பையோ வங்கி அறிவிப்பையோ, பொருள் சிதையாமல், ஊரிலுள்ள மூதாட்டிக்கும் விளங்குமாறு தமிழில் தருவோர் மிகச் சிலரே. மருத்துவமனை, வங்கி, அரசுத் துறை, தொண்டு நிறுவனம் ஆகிய எல்லா இடத்தும் அத்தகையோர்க்குத் தேவை உண்டு. ஊதியம் தொடக்கத்தில் சிறிதாகவே இருக்கக்கூடும். விடுமுறை நாளிலும் அழைப்பு வரும். பெற்றோரும் பிள்ளையும் இவற்றைச் சேர்வதற்கு முன்பே பேசித் தெளிதல் நன்று.

இவ்வனைத்தையும்விட முதன்மையானது ஒன்றுண்டு. பணியில் சேர்ந்த இளைஞரின் மேசைக்கு ஒருநாள் மாலையில் ஒரு தாள் வரும். "இதை உடனே செய்தித்தாள்களுக்கு அனுப்பிவிடு" என்று மேலாளர் சொல்வார். அதிலுள்ள எண் சரியானதா என்று கேட்டால் மேலாளர் முகம் சுளிக்கலாம். கேளாமல் அனுப்பினால் அன்று மாலை எத்தொல்லையும் இராது. அந்த ஒரு மணி நேரத்தில் உறுதியுடன் நின்று, "இது எங்கிருந்து வந்தது, யார் சரிபார்த்தார்?" என்று பணிவுடன் கேட்கும் துணிவுக்காகவே ஐந்தாண்டுக் கல்வி வேண்டியிருக்கின்றது. கேட்டும் விடை கிடையாதபோது அத்தாளில் தம் பெயரை இடாதிருக்கும் துணிவும் அதனோடு சேரவேண்டும்.

அத்துணிவு கல்லூரியில் மட்டும் விளைவதன்று. கடையில் எடை குறைந்தது தெரிந்து தந்தை மீண்டும் நிறுத்துக் கொடுத்ததைக் கண்ட பிள்ளைக்கு அதன் விதை வீட்டிலேயே விழுந்திருக்கும். கல்லூரி அதற்கு முறையையும் கருவியையும் தரும். ஆகவே பிள்ளை இத்துறையை விரும்பினால், "உனக்குப் பேச வருமா?" என்று மட்டும் பெற்றோர் கேட்க வேண்டா. "சொல்வதற்கு முன் சரிபார்ப்பாயா?" என்றும் கேட்கட்டும். ஆம் என்று உள்ளன்போடு விடை சொல்லும் பிள்ளையைத் தயக்கமின்றி அனுப்பி வைக்கலாம்.