எரிந்த தேவர்கள்: வடபுலத்துப் பால்டரும் தோட்டத்துக் காமனும்



பால்டர் என்றொரு தேவன். வட ஐரோப்பியப் பழங்கதைகளில் எல்லாருக்கும் பிரியமானவன். அவனுக்குச் சாவு வரும் என்று கனவில் தெரிந்ததும், தாய் ஃப்ரிக் கல், மரம், நோய், நெருப்பு என்று ஒவ்வொன்றிடமும் போய், அவனைத் தீண்டமாட்டோம் என்று சத்தியம் வாங்குகிறாள். சின்னச் செடிதானே என்று புல்லுருவியை மட்டும் விட்டுவிடுகிறாள். சூதுக்காரன் லோகி அந்தப் புல்லுருவியையே கண் தெரியாத ஒரு தேவன் கையில் கொடுத்து எறிய வைக்கிறான். பால்டர் விழுகிறான். அவனுடைய கப்பலையே சிதையாக்குகிறார்கள். மனைவி நன்னா துக்கம் தாளாமல் இறந்து அதே சிதையில் ஏற்றப்படுகிறாள். உலகம் முழுவதும் அழுதால் அவனைத் திருப்பித் தருவேன் என்கிறாள் பாதாள அரசி ஹெல். எல்லாம் அழுகின்றன. ஒரே ஒரு ராட்சசி மட்டும் மறுத்துவிடுகிறாள். லோகிதான் அந்த வேஷத்தில் வந்தவன் என்பார்கள். பால்டர் திரும்பவில்லை. ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220ஆம் ஆண்டளவில் எழுதி வைத்த கதை இது.

இந்தத் தேவர்கள் மேடையை விட்டுப் போனதே இல்லை. 1876இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர், பைரொய்ட் நகரில் இதே கதைக்குடும்பத்தை நான்கு இரவு இசை நாடகமாக நடத்தினார்; அதுவும் சிதைநெருப்பில்தான் முடிகிறது. 1970இல் லெட் செப்பலின் ரொக் குழு ஐஸ்லாந்துக்குப் போய் வந்து, அந்தத் தேவர்களின் வீரர் மண்டபமான வல்ஹல்லாவைப் பாடும் குடியேறிகளின் பாட்டை வெளியிட்டது. அதே ஆண்டில் 'ஜீஸஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்' இசைத்தட்டாக வந்து, மறு ஆண்டு பிராட்வே மேடை ஏறியது. தெய்வக் கதையை மின்கிட்டாரில் சொல்லலாம் என்பது அதன்பின் யாருக்கும் புதுமையாகப் படவில்லை. இன்று நோர்ஸ் தேவர்களை ரொக் இசை நாடகமாக்குகிறவர்கள் அந்த வழியில் வருகிறவர்கள்.

ஆனால் அந்த இசை எங்கிருந்து வந்தது? ரொக் இசைக்குத் தாய் புளூஸ். புளூஸ் பிறந்தது அமெரிக்காவின் தெற்கே, பருத்தித் தோட்டங்களில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் பேரன்மாரிடம். வடபுலத்துத் தேவர்களுக்குக் குரல் கொடுப்பது ஒரு தோட்டத்துச் சங்கீதம். இதைச் சொல்ல மாத்தளையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

லெட் செப்பலின் பாட்டில் வரும் குடியேறிகள் வாளோடு போனவர்கள். நம் ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு மூட்டையோடு வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தை என்று நடந்து, உயிரோடு மிஞ்சியவர்கள் வந்து சேர்ந்த ஊர் இது. 1880இல்தான் மாத்தளைக்கு ரயில் வந்தது. மலையக மக்கள் வந்த இருநூறாண்டு நினைவாக, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்ததும் அந்தப் பழைய நடைவழியின் கணக்கில்தான். அப்படி வந்தவர்கள் தப்பு என்ற பறையையும், காமன் என்ற எரிந்த தேவனையும் கூடவே கொண்டு வந்தார்கள்.

காமன் கூத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சுருக்கமாக. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். ரதிக்கும் மதனுக்கும் வேஷம் கட்டுகிற ஆண்கள் விரதம் இருப்பார்கள். லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகள்தோறும், வாசல் வாசலாக ஆடிப் போவார்கள். தூதன், வசந்தன், நாரதர், வீரபத்திரன், எமன், குறவன் குறத்தி என்று வேஷங்கள் சேரும். நகரில் மாசி மகத்துக்கு முத்துமாரியம்மனின் பஞ்சரதம் ஓடுகிற பௌர்ணமியை ஒட்டி, தோட்டத்தில் காமனை எரிப்பார்கள். மூன்றாம் நாள் அவனை எழுப்புவார்கள்.

இதில் தப்பைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். விடியுமுன் ஆட்களைப் பெரட்டுக் களத்துக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, அழைத்தது தப்பு. சாவு வீட்டில் அடித்தது தப்பு. அம்மன் திருவிழாவில் சாமி வரவழைத்ததும் அதுதான். அடி மட்டும் மாறும். ஆண்டு முழுவதும் வேலைக்கு விரட்டிய அதே தோலை மாசி மாத இரவில் நெருப்பில் காட்டி முறுக்கேற்றி, கங்காணியோ துரையோ சொல்லாத வேலைக்கு அடித்தார்கள். அந்த இரவுகளில் அது யாருக்கும் கட்டுப்பட்ட வாத்தியம் அல்ல. அதைச் சாதிப் பெயரால் ஒதுக்கியவர்களும் நம்மிடையே இருந்தார்கள், இருக்கிறார்கள். கூத்தை ரசித்துவிட்டு, தப்படித்தவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திய கதையை இந்த மேடையிலும் மறைக்கக் கூடாது.

கதைக்கு வருவோம். மன்மதன் தானாகப் போய்ச் சிவன் மேல் கணை தொடுக்கவில்லை. சூரபத்மனுக்கு அஞ்சிய தேவர்கள் அனுப்பினார்கள். நெற்றிக்கண் திறந்தபோது அனுப்பியவர்களில் ஒருவருக்கும் சூடுபடவில்லை. மேலிடத்து வேலையைச் செய்யப் போனவன் சாம்பலாவதும், மேலிடம் கைகழுவுவதும் தோட்டத்துச் சனத்துக்கு விளக்கவுரை தேவைப்படாத விஷயங்கள். பால்டர் ஒரு தவறவிட்ட செடியால் சாகிறான். மன்மதன் பணி செய்ததால் சாகிறான். நம் கதையில்தான் அரசியல் அதிகம் என்பது என் எண்ணம்.

பெண்களை வைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் கூர்மை. நன்னா பேசாமல் செத்துப்போகிறாள். ரதி சாகமாட்டாள். சிவனிடமே நேராக நியாயம் கேட்பாள். ரதி வேஷக்காரர் ஒப்பாரி எடுக்கும்போது, பொட்டலில் இருக்கும் பெண்கள் அவரவர் வீட்டுச் சாவுகளை அதில் போட்டு அழுவார்கள். அந்த அழுகையால்தான் கணவன் மீள்கிறான், அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறவனாக. வடபுலத்தில் ஒருத்தி அழாததால் தேவன் வரவில்லை. இங்கே ஒருத்தி ஓயாமல் அழுததால் வந்தான்.

இந்தக் காமன் கூத்தை நாடக மேடைக்கு எடுக்கலாமா? எடுக்க வேண்டும். 1956இல் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர, நாடகம என்ற பழைய சிங்களக் கூத்து வடிவத்தைக் கொண்டு 'மனமே'யைப் படைத்தார். அந்த நாடகமவின் வேரே தமிழ்க் கூத்துதான். இங்கிருந்து சிறிது தூரத்தில், பேராதனையில், பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் செறிவாக்கி 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்று அரங்கேற்றினார். அந்தக் காலத்தில் மலையகக் கூத்துக்கு அப்படியொரு கை கிட்டவில்லை. மாறாக 1964இல் கிட்டியது இந்திய-இலங்கை ஒப்பந்தம் ஒன்று: இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. ரதி கட்டுகிறவர் ஒரு கப்பலிலும், தப்படிக்கிறவர் அடுத்த கப்பலிலும் போய்விட்டால் கூத்து யாரிடம் நிற்கும்? தமிழர்களுக்கு எதிரான 1977, 1983 வன்முறைகள் மிஞ்சியவர்களில் பலரையும் வன்னிப் பக்கம் சிதறடித்தன.

இன்று பாடசாலைப் போட்டிகளில் பத்து நிமிடக் காமன் கூத்து பார்க்கிறோம். பிள்ளைகள் நன்றாகவே ஆடுகிறார்கள். ஆனால் பதிவு செய்த இசையில், பளபளக்கும் உடையில், ரதி அழுவதற்குள் மணியடித்துவிடுகிறது. ரொக் இசை நாடகக்காரர்களிடம் நாம் கற்கக்கூடிய ஒன்று இங்கே இருக்கிறது: அவர்கள் சத்தத்துக்கு வெட்கப்படுவதில்லை. மின்கிட்டார் வரட்டும், டிரம்ஸ் வரட்டும். தப்புக்குத் தனி மைக் வைத்து, அதை முன்னால் நிறுத்திவிட்டு மற்றவை வரட்டும். கூத்து மாஸ்டரின் பெயர் சுவரொட்டியில் இயக்குநர் பெயருக்கு மேலே இருக்கட்டும். கூலியும் அதற்கேற்ப இருக்கட்டும். ஒப்பாரியில் மட்டும் இயக்குநர் கை வைக்க வேண்டாம், அதன் நீளம் பாடுகிறவருக்குத் தெரியும்.

எரிப்பதுதான் சிக்கல். மண்டபத்துக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள், சிவப்பு விளக்கு போட்டு ஏமாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. நெற்றிக்கண் திறந்ததும் பார்வையாளர்களை எழுப்பி மைதானத்துக்கு அழைத்துப் போய்விடலாம். மூன்றாம் நாள் மதனை எழுப்புகிற காட்சியையும் இரண்டு மணி நேரத்துக்குள் திணிக்க வேண்டியதில்லை. டிக்கெட்டில் இரண்டு தேதிகளை அச்சிடுங்கள்.