பரணில் கிடக்கும் மடிக்கணினிக்கு நாமே நெட் கொடுக்கலாம்

(சிதம்பரத்தில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில், ஒரு குழுவின் சார்பாகப் பேசியதன் எழுத்து வடிவம்)



கடலூரிலிருந்து பஸ் பிடிச்சு வந்தவங்க, கிள்ளை, பரங்கிப்பேட்டை, புவனகிரி பக்கமிருந்து வந்தவங்க, எல்லாரையும் பார்க்கிறதில் எங்க குழுவுக்கு ரொம்ப சந்தோஷம். பேச்சுக்கு முன்னால ஒரு கேள்வி. பிள்ளைங்க படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினி, உங்க வீட்டுப் பரணிலோ பீரோ மேலயோ சும்மா கிடக்குதா? கையைத் தூக்குங்க. பாருங்க, எத்தனை கை!

2011ஆம் வருஷம் செப்டம்பரில் தமிழ்நாட்டில் இலவச மடிக்கணினித் திட்டம் ஆரம்பிச்சது. அப்போ வந்த கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ்னு ரெண்டு இயங்குதளம் இருந்தது. இயங்குதளம்னா கணினியை நடத்துற அடிப்படை மென்பொருள். லினக்ஸை 1991ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தார். குழம்பு வைக்கிற பக்குவத்தை ஒளிக்காம ஊருக்கே சொல்லிக் கொடுக்கிற மாதிரி, அதை உலகத்தில் யார் வேணும்னாலும் எடுத்துத் திருத்திக்கலாம். அப்படி எடுத்து நம்ம மொழிகளுக்கும் ஏத்த மாதிரி செய்ததுதான் பாஸ். செய்தவங்க மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு.

இதை ஏன் இப்போ சொல்றோம்? அந்தக் கணினிகளில் இருந்த விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஓட பாதுகாப்புத் திருத்தங்கள் வர்றது நின்னு போச்சு. பூட்டு கெட்டுப்போன வீடு மாதிரி அது. புது விண்டோஸை அந்தப் பழைய கணினி தாங்காது. ஆனா சின்ன அளவு லினக்ஸ் ஒன்றைப் போட்டா இன்னும் ஓடும். செலவில்லை. நம்ம ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு கணக்கை எல்லாம் லிப்ரே ஆபீஸில் எழுதலாம். பாக்கி இருக்கிறது ஒண்ணுதான்: நெட் இணைப்பு.

எங்களுக்குச் சுருக்கென்ற நாள்

எங்க ஊர் பு.முட்லூர் பக்கம். 2013ல் ஒரு நாள், குழுக் கணக்கை மெயிலில் அனுப்ப ஊக்குநரும் பிரதிநிதியும் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனாங்க. அன்றைய கூலி போச்சு, பஸ் செலவு வேற. அங்கே கணினித் திரையில் யாரோ ஒரு பெண்ணின் குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக், போட்டோ எல்லாம் அப்படியே திறந்து கிடந்தது. முன்னாடி வந்தவங்களுடையது. யாரும் அழிக்கலை. அப்போதான் எங்களுக்குச் சுருக்கென்றது. போன மாசம் நாம ஸ்கேன் பண்ணிக் கொடுத்த பாஸ்புக்கும் இப்படித்தானே கிடந்திருக்கும்? அதை யார் யார் பார்த்தாங்களோ?

திரும்பி வந்ததும் கூட்டம் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம்: குழுவுக்கு ஒரு யூஎஸ்பி மோடம் வாங்குவது, ஒரு உறுப்பினர் மகளின் மடிக்கணினியில் போட்டு வேலை செய்வது.

மோடம் வந்தது. விரல் நீளம், உள்ளே சிம் கார்டு. பாஸ் லினக்ஸில் செருகினோம். ஒண்ணும் நடக்கலை. ஒரு கடையில் கேட்டோம். "லினக்ஸ்ல இதெல்லாம் ஓடாதும்மா, அழிச்சிட்டு வேற போடணும்" என்றார்கள். காசும் கேட்டார்கள். நமக்குத்தான் தெரியலை போலன்னு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்துட்டோம்.

ராத்திரி அந்தப் பொண்ணுதான் கண்டுபிடிச்சா. "அத்தை, இங்க பாருங்க, மோடத்தைச் செருகினா சிடி படம் வருது!" அந்தப் படத்து மேல வலது கிளிக் செய்து 'எஜெக்ட்' கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மோடத்தின் பச்சை விளக்கு நீலமாச்சு. எங்க மோடத்தில் பச்சைன்னா 2ஜி, நீலம்னா 3ஜி. அன்னைக்கு ராத்திரியே கணக்கு மெயிலில் போயிடுச்சு.

ஏன் சிடி மாதிரி வந்தது?

அந்த மோடத்துக்குள்ளேயே விண்டோஸுக்கான மென்பொருளை வைத்து விற்கிறாங்க. அதனால செருகினதும் முதலில் "நான் ஒரு சிடி" என்று காட்டும். விண்டோஸ் அந்த மென்பொருளைப் போட்டுக்கொண்டு, "இப்போ மோடமா மாறு" என்று சொல்லும். லினக்ஸில் அப்படிச் சொல்ல ஆள் வேணும். அதற்காக ஜெர்மனியைச் சேர்ந்த யோசுவா டீட்ஸே என்பவர் 'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற சின்ன நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார். அது கணினியில் இருந்தா மோடம் தானா மாறிடும். ஆக, தப்பு எங்க மேலயும் இல்லை, லினக்ஸ் மேலயும் இல்லை.

செய்யும் முறை

1. கணினியைத் திறந்து முழுசா ஓடின பிறகு மோடத்தைச் செருகுங்க. அரை நிமிஷம் பொறுங்க.

2. டெர்மினல் என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்து எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்து ஆங்கில எழுத்தைச் சின்ன எழுத்தில் இடைவெளி விடாம அடிச்சு என்டர் தட்டுங்க. செருகியிருக்கும் சாமான் பட்டியல் வரும். மோடம் பெயர் இருந்தா, துவாரமும் மோடமும் பேசிக்குதுன்னு அர்த்தம். பெயரே இல்லைன்னா வேறு துவாரத்தில் போட்டுப் பாருங்க.

3. சிடி படம் வந்தா எஜெக்ட் கொடுங்க. அடிக்கடி இப்படி வந்தா யூஎஸ்பி மோட்ஸ்விட்சைப் போட்டுடுங்க. நெட் இல்லாம அதை எப்படி இறக்குறது? நாங்க பென் டிரைவில் கொண்டு வந்தோம். அதற்கு ரெண்டு பொதி வேணும்: நிரல் ஒன்று, அதோட தகவல் தொகுப்பு இன்னொன்று. ஒன்றை மட்டும் கொண்டு வந்து நாங்க ரெண்டாம் தடவையும் பஸ் ஏறினோம்!

4. திரை மூலையில் இருக்கும் நெட்வொர்க் படத்தைக் கிளிக் செய்து, புது மொபைல் பிராட்பேண்ட் இணைப்பு என்பதைத் தேர்ந்தெடுங்க. நாடு இந்தியா. அடுத்து உங்க சிம் கம்பெனி.

5. ஏ.பி.என். என்று ஒரு கட்டம் வரும். அது கம்பெனியின் நெட்டுக்குள் நுழையும் வாசல் பெயர். பிஎஸ்என்எல் சிம்முக்கு 'பிஎஸ்என்எல்நெட்' என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில், ஒரே சொல்லாக. டயல் எண் கேட்டா *99#.

6. சிம் பின் எண் கேட்டா ஊகிச்சு அடிக்காதீங்க. மூணு தடவை தப்பினா சிம் பூட்டிக்கும். திறக்க கம்பெனியிடம் பி.யூ.கே. எண் வாங்கணும்.

கடலோரத்தில் சிக்னல் குறைவா இருக்கும் வீடுகளுக்கு ஒரு யோசனை. ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி, மோடத்தை ஜன்னல் பக்கம் கட்டித் தொங்க விடுங்க. எங்க வீட்டுக்குள்ள பச்சையா எரிஞ்ச விளக்கு, ஜன்னல்ல நீலமா எரிஞ்சது. வயர் ரொம்ப நீளம் வேண்டாம், மோடத்துக்கு மின்சாரம் பத்தாம போகும்.

இன்றைக்கு என்ன வாங்கலாம்?

பழைய 3ஜி மோடத்தைக் காசு கொடுத்து வாங்கி ஏமாறாதீங்க. தனியார் கம்பெனிகள் 3ஜியைப் படிப்படியா நிறுத்திட்டாங்க. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததே 4ஜியோடுதான். அந்த சிம் 3ஜி மோடத்தில் எடுக்காது. பிஎஸ்என்எல்லும் 2025 செப்டம்பரில் தன் 4ஜியை நாடு முழுக்கத் தொடங்கி வைத்தது. அதனால 4ஜி மோடம்தான் வாங்கணும். இதில் ஒரு நல்லது: இப்போ வருகிற 4ஜி மோடம் பலதையும் லினக்ஸ் சாதாரண நெட்வொர்க் கம்பி மாதிரி எடுத்துக்கொள்ளும். டயல் எண் எல்லாம் வேண்டாம்.

மோடமே வாங்க வேண்டாம்னாலும் வழி இருக்கு. ஸ்மார்ட்போனை டேட்டா கேபிளில் கணினியோடு மாட்டி, போன் செட்டிங்கில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதைத் தட்டினா போதும். சார்ஜ் மட்டும் ஏறுகிற மலிவு வயரில் இது நடக்காது. பென் டிரைவுக்காக பஸ் ஏறுற வேலையும் இதனால மிச்சம். ஆனா வேலை முடிந்ததும் அணைச்சிடுங்க. கணினி தானாகவே அப்டேட் இறக்க ஆரம்பிச்சா, அன்றைய டேட்டா மொத்தமும் அதற்கே போயிடும்.

ஒருத்தர் கையில் விடாதீங்க

கடைசியா ஒண்ணு சொல்லணும். அந்தப் பொண்ணு கல்யாணமாகி வெளியூர் போயிட்டா. அவ போன மாசம் நெட் நின்னு போச்சு. எங்க யாருக்கும் ஏ.பி.என். ஞாபகம் இல்லை. திரும்பவும் பிரவுசிங் சென்டர் வாசலில் போய் நின்னோம். ஏழு மாசம் செஞ்ச வேலை, எழுதி வைக்காததால வீணாச்சு.

நம்ம வங்கிக் கணக்கில் ரெண்டு பேர் கையெழுத்து ஏன் வைக்கிறோம்? ஒருத்தர் இல்லைன்னாலும், ஒருத்தர் தவறினாலும் குழு நிக்கக் கூடாதுன்னுதானே? நெட்டும் அப்படித்தான். போனில் அவளைக் கேட்டு மறுபடி சரி பண்ணின அன்னைக்கே, தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மோடம் பெயர், ஏ.பி.என்., டயல் எண், செய்ய வேண்டிய வரிசை எல்லாம் தமிழில் எழுதினோம். பாஸ்வேர்டையும் பின் எண்ணையும் மட்டும் அதில் எழுதலை. சுழற்சி முறையில் பொறுப்பு மாறும்போது, புது ஊக்குநரும் பிரதிநிதியும் எல்லார் முன்னாடியும் ஒரு தடவை மோடத்தை மாட்டிக் காட்டணும்னு வச்சிருக்கோம். இப்போ எங்க குழுவில் அஞ்சு பேருக்குத் தெரியும். அதில் ஒருத்தர் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். அவர் எழுத்தைப் படிக்கலை, விளக்கின் நிறத்தைப் படிக்கிறார்.

அதனால சகோதரிகளே, இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பரணிலிருந்து அந்தக் கணினியை இறக்கித் தூசி தட்டுங்க. பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, மின் வயரில் ஓடுதான்னு பாருங்க. அடுத்த குழுக் கூட்டத்துக்கு அதைத் தூக்கிக்கிட்டு வாங்க. நம்ம ஆதாரும் பாஸ்புக்கும் நம்ம வீட்டுக் கணினியிலேயே இருக்கட்டும்.